பழைய ஹை-செக்யூரிட்டி சிலிண்டர் வாங்கும் முன்: அடையாளம் காணும் வழி

பூட்டைப் பிக் (சாவிக்குப் பதிலாக நுழைக்கும் மெல்லிய கம்பிக் கருவி) போட்டுத் திறந்து பழகுவது என் பொழுதுபோக்கு. சாவி ஐந்து குட்டி உலோகப் பின்களைத் தூக்கித் திறக்கும் சாதாரணப் பூட்டுகள் சலித்துப்போன பிறகு, திறக்கக் கடினமான பழைய ஹை-செக்யூரிட்டி சிலிண்டர்களை, அதாவது கதவுப் பூட்டில் சாவி நுழையும் பகுதியை, தேடி வாங்க ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதத்தில் ஏழு வாங்கினேன். நான் நினைத்த சரக்கு அவற்றில் இரண்டே இரண்டு. ஒன்று முகப்பில் மட்டும் பெரிய பெயர் பொறித்த நகல். ஒன்றுக்குள் உடைந்த சாவி முனை சிக்கிக் கிடந்தது. ஒன்றில் பெயர் சரி, மாடல் வேறு. அதே நிறுவனத்தின் மலிவு வகை. இன்னொன்றுக்குக் கேமே, அதாவது சாவியோடு சுழன்று தாழ்ப்பாளை நகர்த்தும் துண்டே, இல்லை. மிச்சமிருந்தது எலக்ட்ரானிக் சிலிண்டர். புரோகிராம் செய்யும் கருவி இல்லாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அந்த ஐந்து தவறும் உங்களுக்கு வேண்டாம். கீழே இருக்கும் வரிசையில்தான் இப்போது நான் பார்க்கிறேன். வரிசையை மாற்றாமல் போவது நல்லது. பெயரைக் கடைசியில் பார்ப்பதில் காரணம் இருக்கிறது.

1. முதலில் சட்டமும் சாமான்களும்

இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விதிகள் இரண்டு. உங்களுக்குச் சொந்தமான பூட்டை மட்டும் தொடுங்கள். சொந்தமே ஆனாலும் கதவில் வேலை செய்துகொண்டிருக்கும் பூட்டைத் தொடாதீர்கள். பிக் வைத்திருப்பது பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் என்ன நோக்கத்தோடு வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். சில இடங்களில் வைத்திருப்பதே சிக்கல். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சாமான்கள்: வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், ஒரு காந்தம், சமையலறைத் தராசு. போனில் மேக்ரோ படம் எடுக்க முடிந்தால் லென்ஸ் கூட இரண்டாம்பட்சம்தான்.

2. வடிவத்தை அளந்துகொள்ளுங்கள்

‘ஹை-செக்யூரிட்டி சிலிண்டர்’ என்ற பெயரில் விற்பவை ஒரே வடிவம் அல்ல. அதிகம் கிடைப்பது யூரோ புரொஃபைல்: மேலே உருளை, கீழே தட்டையான கால். மொத்த உயரம் 33 மி.மீ., உருளையின் விட்டம் 17 மி.மீ., காலின் அகலம் 10 மி.மீ. நடுவில் கேம், அதற்குக் கீழே எம்5 திருகு போகும் துளை. நீளத்தை முழுசாக அளக்கக் கூடாது. திருகுத் துளையின் மையத்திலிருந்து ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக அளந்து 30/30, 30/40 என்று சொல்வதுதான் வழக்கம்.

சுவிஸ் வகையில் உருளை இன்னும் பெரிது. விட்டம் 22 மி.மீ. என்பதால் பார்த்த உடனே தெரிந்துவிடும். அமெரிக்க மார்டிஸ் சிலிண்டருக்கு வெளிப்புறம் முழுக்க மரை ஓடும், விட்டம் 1.150 அங்குலம், அதாவது ஏறக்குறைய 29 மி.மீ. எட்டு என்ற எண்ணைப் போல இரண்டு வட்டம் ஒட்டிய வடிவம் என்றால் அது மாற்றிப் போடும் கோர்.

வடிவம் ஏன் முதலில்? எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்த பூட்டு என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. பாதிப் பெயர்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

இன்னொன்று: யூரோ வகையில் இரட்டைச் சிலிண்டர் கிடைத்தால் விடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே சாவிக்குச் செய்த தனித்தனி இயக்கம் இருக்கும். ஒரு பக்கத்தைக் கழற்றிப் படிக்கலாம், மறுபக்கத்தைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

3. முகப்பைப் பாருங்கள், ஆனால் பெயரை இன்னும் படிக்காதீர்கள்

டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துச் சாவித்துளைக்குள் பாருங்கள். பின்கள் வரிசையாக ஒரே பக்கம் இருந்தால் பின் பூட்டு. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய தகட்டு ஓரங்கள் தெரிந்தால் டிஸ்க் பூட்டு. சாவித்துளை படுக்கையாக, அகலமாக இருந்தால் பெரும்பாலும் குழிச் சாவி (பல்லுக்குப் பதில் தட்டையான முகத்தில் குழிகள் உள்ள சாவி) வகை.

சாவித்துளையைச் சுற்றி, பிளக்கிலோ (சாவியோடு சுழலும் உள் உருளை) அதை ஒட்டிய வளையத்திலோ, பித்தளை நிறத்துக்கு நடுவே ஒன்றிரண்டு வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் அவை டிரில் போடுவதைத் தடுக்கச் செருகிய கடினமான எஃகு. காந்தத்தை அங்கே வைத்தால் இழுக்கும். அசல் ஹை-செக்யூரிட்டி சிலிண்டர்கள் பலவற்றில் இது இருக்கும். மலிவு நகல்களில் இதே இடத்தில் வெறும் அலங்காரப் புள்ளி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். காந்தம் பொய் சொல்லாது.

முகப்பில் சின்னதாக எழுத்தும் எண்ணும் சேர்த்துக் குத்தியிருந்தால் அது மாடல் எண்ணாக இருக்காது. ஒரே சாவி பல கதவுகளைத் திறக்கும் மாஸ்டர் கீ அமைப்பில் அந்தக் கதவின் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

4. சாவிதான் உண்மையான அடையாள அட்டை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். முகப்பில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் பொறிக்கலாம். சாவியோ உள்ளே இருக்கும் இயந்திரத்தோடு பொருந்தியாக வேண்டும். அதனால் சாவியைப் படிக்கத் தெரிந்தால் சிலிண்டரைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

சாய்ந்த வெட்டுகள்: சாவியைப் பல் மேலே இருக்கும்படி பிடித்து, முனையிலிருந்து கண்ணோட்டம் விடுங்கள். சாதாரணச் சாவியில் ஒவ்வொரு வெட்டும் நேராக இருக்கும். மெடெகோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சாவியில் ஒன்று நேராகவும், ஒன்று இடப்பக்கம் சாய்ந்தும், ஒன்று வலப்பக்கம் சாய்ந்தும் வெட்டப்பட்டிருக்கும். பின் மேலே ஏறினால் மட்டும் போதாது, சரியான கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும். அப்போதுதான் பிளக்கைத் தடுத்து நிற்கும் சைட்பார் என்ற பக்கவாட்டுக் கம்பி உள்ளே விழும். பையாக்சியல் மாடலில் இந்த வெட்டுகள் சற்று முன்னும் பின்னுமாகவும் தள்ளியிருக்கும். எம்3 என்றால் இவற்றோடு சாவித்தண்டின் பக்கத்தில் ஸ்லைடர் என்ற நகரும் துண்டைத் தள்ளும் ஒரு படியும் உண்டு. ஆனால் சாய்ந்த வெட்டு கண்டதும் மெடெகோ என்று முடிவு கட்டாதீர்கள். கார்பின் எம்ஹார்ட்டிலும் சாய்ந்த வெட்டு உண்டு. உள்ளே பின்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்கும் வேறு ஏற்பாடு.

வளையத்துக்குள் புள்ளி: குழிச் சாவியின் குழியை லென்ஸில் பாருங்கள். குழிக்குள் ஒரு வட்டம், அதன் நடுவே இன்னொரு குழி இருந்தால் பின்னுக்குள் பின் வைத்த இயக்கம். முல்-டி-லாக் பிரபலமாக்கிய முறை இது. இன்டராக்டிவ் மாடல் சாவியில் ஒரு குழி மட்டும் அசையும். நகத்தால் அழுத்தினால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். முதல் தடவை அந்த அசைவை உணர்ந்தபோது சாவி உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அசையும் குழி இல்லை என்றால் அது கிளாசிக்காக இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம். வளையக் குழியை இன்று எத்தனையோ பேர் வெட்டுகிறார்கள். எம்டி5 என்றால் குழிகளோடு சாவியின் பக்கத்தில் தடம் போன்ற இன்னொரு வெட்டும் இருக்கும்.

பல வரிசைக் குழிகள்: காபா, கேசோ போன்ற சுவிஸ் சாவிகளில் தட்டையான முகத்தில் மட்டுமல்ல, விளிம்பிலும் குழிகள் இருக்கும். பின்கள் பல கோணங்களிலிருந்து வருகின்றன என்பதற்கு அது அடையாளம். மலிவுக் குழிச் சாவியில் நடுவே ஒரே வரிசை. மற்றவை சும்மா அழகுக்கு வெட்டியவை. எப்படிக் கண்டுபிடிப்பது? சாவியில் குழி இருக்கும் இடத்துக்கு நேராகச் சாவித்துளைக்குள் பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின் இல்லாத குழி நடிப்புக் குழி.

பக்கவாட்டு அலை: மேலே சாதாரணப் பல், தண்டின் ஒரு பக்கத்தில் அலை அலையாக இரண்டாவது வெட்டு என்றால் அஸ்ஸா ட்வின் அல்லது ஷ்லேக் பிரைமஸ் குடும்பம். இரண்டையும் வடிவமைத்தவர் போ விடேன் என்ற ஒரே ஸ்வீடன்காரர்தான், குழம்புவது இயல்பு. இங்கே வடிவம் கைகொடுக்கும்: அமெரிக்கக் கதவுக்கான சிலிண்டர் என்றால் முதலில் பிரைமஸ் பக்கம் பாருங்கள்.

பாம்புத் தடம்: பல்லும் இல்லை, குழியும் இல்லை, தட்டையான தண்டில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள் மட்டும் இருந்தால் எவ்வாவின் 3கேஎஸ் போன்ற, ஸ்பிரிங் இல்லாத இயக்கமாக இருக்கலாம். அதே நிறுவனத்தின் எம்.சி.எஸ். சாவியைக் குழப்பிக்கொள்ளவே முடியாது. தண்டில் நான்கு குட்டிக் காந்த வில்லைகள் பதித்திருக்கும். ஒரு குண்டூசியைக் கொண்டு போனால் ஒட்டிக்கொள்ளும்.

அரைவட்டத் தண்டு: ஒரு கம்பியை நீளவாக்கில் பாதியாகப் பிளந்தது போலிருந்தால் அப்லாய் கிளாசிக் வகை டிஸ்க் பூட்டு. வெட்டுகள் ஆழத்தில் வித்தியாசப்படாமல் கோணத்தில் வித்தியாசப்படும், ஏனென்றால் ஒவ்வொரு டிஸ்க்கும் வெவ்வேறு அளவு சுழல வேண்டும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. மலிவான டிஸ்க் தொங்கு பூட்டுகள் பல இதே அரைவட்டத் துளையோடுதான் வருகின்றன. புரொடெக் போன்ற பிந்தைய அப்லாய் மாடல்களின் துளை வேறு வடிவம். ‘புரொடெக்’ என்று விற்கிறவர் அரைவட்டத் துளைப் படத்தைப் போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

யு வடிவில் மடித்த இரட்டைத் தண்டு என்றால் பைலாக். வெட்டுமுகம் எச் எழுத்தைப் போல இருந்தால் ஃபிஷே பக்கம் தேடுங்கள். இவை இரண்டிலும் தவறு நேர வாய்ப்பு குறைவு.

சாவி இல்லையா? அப்போது சாவித்துளையின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, சாவி வெட்டும் கடைகளுக்கான பிளாங்க் (இன்னும் வெட்டாத சாவி) பட்டியல்களோடு ஒப்பிடலாம். முடியாத வேலை அல்ல, ஆனால் மாடல் வரை போகாது. குடும்பப் பெயரோடு நின்றுவிடும்.

5. எண்களும் முத்திரைகளும்

இப்போது பெயரைப் படிக்கலாம். பெயரைவிடக் காப்புரிமை எண் பயனுள்ளது. சிலிண்டரின் காலிலோ சாவியின் தலையிலோ எண் இருந்தால் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் இலவசமாகத் தேடலாம். உள்ளமைப்பின் படமே கிடைத்துவிடும். டி.ஆர்.பி. என்ற குறி 1945-க்கு முந்தைய ஜெர்மன் காப்புரிமை, டி.பி.பி. என்றால் போருக்குப் பிந்தையது. காப்புரிமை பொதுவாக 20 ஆண்டுதான். அது முடிந்த மாடலுக்கு நகல்கள் வரும் என்பதை மனதில் வையுங்கள்.

பெட்டியோ விவரத்தாளோ கூட வந்தால், பூட்டுச் சிலிண்டர்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1303-இன் தரக்குறியைத் தேடுங்கள். எட்டுக் கட்டங்கள் இருக்கும். ஏழாவது, சாவி தொடர்பான பாதுகாப்பு. 1 முதல் 6 வரை. எட்டாவது, உடைப்பைத் தாங்கும் திறன். 2015 பதிப்பில் 0, அதன்பின் ஏ முதல் டி வரை. ஆறு இல்லாத சிலிண்டரை ‘உச்சபட்சப் பாதுகாப்பு’ என்று விற்றால் சிரித்துவிட்டு விலை கேளுங்கள்.

நெதர்லாந்தின் எஸ்.கே.ஜி., பிரான்சின் ஏ2பி, பிரிட்டனின் டிஎஸ் 007 ஆகிய பாதுகாப்பு முத்திரைகளில் நட்சத்திரம் போடுவார்கள். டிஎஸ் 007-இல் சிலிண்டருக்கு ஒரு நட்சத்திரம் அல்லது மூன்று. இரண்டு நட்சத்திரம் என்பது கைப்பிடித் தகடுகளுக்கானது. அமெரிக்காவில் யு.எல். 437. இந்த முத்திரைகளில் டிரில், உடைத்தல், இழுத்தல் போன்ற முரட்டுத் தாக்குதல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்று நட்சத்திரம் வாங்கிய பூட்டு பிக் போடுகிறவருக்குச் சப்பென்று இருக்கலாம். நட்சத்திரத்துக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

6. எடை போடுங்கள், ஒரு கீறல் போடுங்கள்

நல்ல சிலிண்டரின் உடல் பெரும்பாலும் நிக்கல் பூசிய பித்தளை. நகல்களில் துத்தநாகக் கலவை. பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறக்குறைய 8.5 கிராம், துத்தநாகக் கலவைக்கு 6.7 கிராம். ஒரே அளவுள்ள இரண்டைத் தராசில் வைத்தால் பித்தளை கால் பங்குக்குமேல் கனமாக இருக்கும். விற்பவரிடம் எடையைக் கேளுங்கள். தர மறுப்பவர் குறைவு, இந்தக் கேள்வியில் உள்நோக்கம் இருப்பது யாருக்கும் தோன்றாது. கையில் வந்த பிறகு கேமுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், அரத்தால் லேசாக ஒரு இழுப்பு. மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமென்றால் உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்பும்போது தேவைப்படும். ஒன்று: எஃகு உடலோடு வரும் நல்ல பூட்டுகளும் உண்டு. அவற்றைக் காந்தம் காட்டிக்கொடுக்கும்.

7. விற்பவரிடம் கேட்க வேண்டியவை, வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்

படம் ஐந்து கேளுங்கள்: முகப்பு நேராக, பக்கவாட்டில் அளவுகோலோடு, சாவியின் முகம், சாவியின் விளிம்பு, குத்திய எண்கள். சாவி போய்வருகிறதா, முழுச் சுற்று சுற்றுகிறதா என்று பத்து வினாடி வீடியோ கேட்டால் இன்னும் நல்லது. இந்த ஒரு வீடியோ என் உடைந்த சாவி முனையைத் தவிர்த்திருக்கும்.

அப்புறம், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பழுது பார்க்கும்போது கழற்றியது, பூட்டுக்காரர் மாற்றிப் போட்டபோது மிஞ்சியது என்று சாதாரணப் பதில் வரும். பதிலே வராவிட்டால் விட்டுவிடுங்கள். ரசீது, பேச்சுப் பதிவு, விளம்பரத்தின் படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேமியுங்கள். யாராவது கேட்டால் இந்தப் பூட்டு உங்களுடையது என்று காட்ட அதுதான் இருக்கிறது.

சாவி நகல் எடுப்பதற்கான குறியீட்டு அட்டை கூடவே வந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் ஒரு கேள்வி: அதே குறியீட்டில் வேறு சிலிண்டர்கள் செய்யப்பட்டு இன்னும் யார் வீட்டுக் கதவிலாவது இருக்கின்றனவா? ஒரே சாவிக்கு நான்கைந்து சிலிண்டர் வாங்கி, ஒன்றை மட்டும் கழற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கே இது உறைக்காது. நான் எழுதிக் கேட்டபோது ஒருவர் பதறிப்போய் விற்பனையை ரத்து செய்தார். சரியான முடிவுதான்.

8. செலவும் நேரமும்

சாவியோடு வருவதற்கு முழு விலை கொடுக்கலாம். சாவி இல்லாததற்கு நான் பாதிக்கு மேல் போவதில்லை, அதுவும் மாடல் உறுதியானால் மட்டும். எலக்ட்ரானிக் பாகம் உள்ளதற்குப் பித்தளை விலை. பித்தளை கனம் என்பதால் தூரத்திலிருந்து ஒற்றைச் சிலிண்டர் வரவழைத்தால் அனுப்பும் கட்டணம் பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஒரே ஆளிடம் மூன்று நான்கு சேர்த்து வாங்குங்கள். எல்லை தாண்டி வந்தால் சுங்க வரியையும் கணக்கில் வையுங்கள். ‘பழைய கதவுப் பூட்டு சிலிண்டர்’ என்று பொருளின் பெயரை நேராக எழுதச் சொல்லுங்கள். மழுப்பலாக எழுதிய பார்சல்தான் தேங்கி நிற்கும்.

படம் கேட்டுப் பதில் வாங்க மூன்று நாள் ஒதுக்குங்கள். ‘இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள்’ என்ற வரியைப் பார்த்து அவசரப்பட்டுத்தான் என் ஏழில் நான்கு வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பும் காலக்கெடு பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். அன்றைக்கே எடை, காந்தம், சாவி மூன்றையும் பார்த்துவிடுங்கள். கழற்றிய பிறகு யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

9. வந்த பிறகு

கழற்றுவதென்றால் பிளக்கின் விட்டத்துக்குச் சரியான தள்ளுகோல் (பிளக்கைத் தள்ளிக்கொண்டே அதன் இடத்தை அடைக்கும் குச்சி) இல்லாமல் இறங்க வேண்டாம். பிளக்கை வெறுமனே இழுத்தால் ஸ்பிரிங்குகள் அறை முழுக்கப் பறக்கும். விளிம்பு உள்ள தட்டு, வெளிர் நிறத் துணி, ஒவ்வொரு பின்னுக்கும் தனிக் குழி உள்ள பெட்டி. டிஸ்க் பூட்டென்றால் ஒவ்வொரு டிஸ்க்கை எடுக்கும்போதும் ஒரு படம் எடுங்கள்; வரிசையும் திசையும் மாறினால் பிறகு சாவியே வேலை செய்யாது.

உள்ளே ஒரே துளையில் வழக்கமான கீழ்ப் பின்னுக்கும் மேல் பின்னுக்கும் நடுவே கூடுதலாகக் குட்டிப் பின்கள் அடுக்கியிருந்தால் அது மாஸ்டர் கீ அமைப்பிலிருந்து வந்தது. ஒவ்வொரு துளையிலும் திறக்கும் நிலை ஒன்றுக்கு மேல் இருப்பதால் பிக் போடுவது எளிதாகிவிடும். ‘ஐந்து நிமிடத்தில் திறந்துவிட்டேன்’ என்று நண்பரிடம் சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் சொல்லி, அவர் கழற்றிக் காட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சின்னப் பின்களில் ஒரு கட்டடம் முழுவதற்குமான மாஸ்டர் சாவியின் அளவு ஒளிந்திருக்கிறது என்பதுதான் முக்கியமானது. முகப்பில் குத்திய அமைப்பு எண்ணையும், பின்களின் அளவையும், சாவியின் வெட்டு தெரியும் படத்தையும் யாருக்கும் காட்டாதீர்கள். நான் அப்படி வந்த சிலிண்டரின் பின்களைக் கலைத்து வேறு வரிசையில் போட்டுவிடுவேன், எண்ணை அரத்தால் தேய்த்துவிடுவேன். பழகுவதற்கு எந்த வரிசையானாலும் ஒன்றுதானே.

கடைசியாக ஒரு ஜிப் பை. அதற்குள் சிலிண்டர், சாவி, ஒரு துண்டுச் சீட்டு: வடிவம், அளவு, குடும்பப் பெயர், மாடல், வாங்கிய தேதி. மாடல் உறுதியாகாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என் பெட்டியில் இப்போது கேள்விக்குறியோடு மூன்று பை இருக்கின்றன.